இரண்டரை வாட்

"இரண்டரை வாட்டா?" என்று சிரித்தார் ஹில்மி,
புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில்,
நீல விளக்கு மின்னும் பெட்டிகளுக்கு நடுவே.
"நுளம்படிக்கிற பற் இதைவிடக் கூட இழுக்கும், மிஸ்.
இது ஐந்நூறு. வெசாக் பந்தலுக்கே காணும்."

எனக்குப் பந்தல் இல்லை.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி, பத்துக்குப் பன்னிரண்டு அறை.
கீழ்வீட்டில் கைக்குழந்தை.
மேல்வீட்டில், கனடாவிலிருந்து வரும் அழைப்புக்காக
நள்ளிரவில் எழும்பி நடக்கிற ஒருவர்.
மேசையில் சின்ன அம்பிளிஃபயர்,
பக்கத்துக்கொரு வால்வு,
வால்வுக்கொரு துளி செம்மஞ்சள்.

அதற்கு வேண்டியது சொன்னவுடன் கேட்கிற ஸ்பீக்கர்.
கனத்த றப்பர் விளிம்பு சரிவராது,
அதை அசைக்கவே பாதி வாட் போய்விடும்.
கடதாசிக் கூம்பு, மடித்த துணி விளிம்பு,
முதுகில் ஒரு கைக்குள் அடங்காத காந்தம்.
மூன்று டெசிபெல் கூடக் கிடைத்தால்
அம்பிளிஃபயர் இரட்டித்த மாதிரி.
வாட்டைக் கடதாசியில் வாங்கலாம்.
அடைவு மீட்கப் போகிறவள் போல
இந்தக் கணக்கை முணுமுணுத்துத் திரிந்தேன்
நாலு சனிக்கிழமை.

பஞ்சிகாவத்தையில், லொறி கியர்ப்பெட்டிகளுக்குப் பின்னால்,
கிறீஸ் ஊறிய சீமெந்தில் கவிழ்ந்து கிடந்தன இரண்டு.
எட்டங்குலம்.
மூடிப்போன படமாளிகைச் சுவரில் கழற்றியது என்றான் பையன்.
நம்பவில்லை, ஆனால் விலை கேட்டேன்.
கூம்பின் நடுவை மெல்ல அமுக்கிப் பார்த்தேன்,
உரசவில்லை.
ஒன்றில் நகமளவு கிழிசல்.
அன்றிரவு குடித்த தேயிலைப் பையைப் பிரித்துக் காயவைத்து
ஒட்டுப் போட்டேன்.
சாயம் கொஞ்சம் ஊறியது. இருக்கட்டும்.

கண்ணாடிக் கடையில் வேலை எனக்கு.
இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்றேகால்
என்று வில்லை தீட்டுகிற கை.
இரண்டு காந்தமும் ஒரே வயதில்லை என்பது
காதுக்கு முன் கைக்குத் தெரிந்தது.

பெட்டிக்கு விமலதாச பாஸ்.
கனத்தைக்குப் போகிற பெட்டிகளே அவர் வழமை.
பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவூட்டைத் தட்டிப் பார்த்து,
"ஆருக்கு, நோனா?" என்றார்.
பாட்டுக்கு.
"அப்ப இந்த ஓட்டை?"
மூச்சு விட.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கனநேரம் யோசித்தார்.
கேட்காமலே அந்த ஓட்டையின் விளிம்பை
உப்புத்தாளால் வட்டமாய்த் தேய்த்து வைத்திருந்தார்,
ஏதோ அதற்குள்ளால் ஒருவர் தலையை நீட்டப்போவதுபோல.

இலவம்பஞ்சுக்கு ஒரு தலையணை போயிற்று.
மற்றதை மடித்துப் படுக்கிறேன்.

முதல் இரவு: பெயர் அழிந்த கசற், யாரோ ஒருவரின் வயலின்.
சுவர் முழுக்க இருந்தது,
எங்கேயும் இல்லை.
அடித்தொண்டை இல்லாத ஒருவர் அறை மாறி மாறிப் பேசுகிறார்.
சைக்கிள் கடையில் வாங்கிய ஒன்றரை வோல்ட் பற்றரியை
வயரில் தொட்டேன்:
ஒரு கூம்பு முன்னால் வந்தது, வாயெடுத்ததுபோல.
மற்றது பின்வாங்கியது.
ஒன்று "ஓம்" எனும்போது மற்றது "இல்லை."
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகினேன்.

சுவரிலிருந்து இறங்கி
நடுவில் உட்கார்ந்தார் வயலின்காரர்.
வில் எடுக்கமுன் மூக்கை உறிஞ்சினார்.
அவருக்குத் தடிமன்.
இத்தனை வருஷம் அந்தக் கசற்றைப் போட்டிருக்கிறேன்,
ஒருதரம்கூட அது காதில் விழவில்லை.

ஒன்பது நாற்பது ரயில் வந்தது.
யன்னல், கோப்பை, கட்டில் எல்லாம் அதனுடையதாயின.
இரண்டரை வாட் எதிர்த்துக் கத்தவில்லை.
கடைசிப் பெட்டி பம்பலப்பிட்டிப் பக்கம் போனபிறகு பார்த்தால்
வயலின் இரண்டு வரி தள்ளி
தன்பாட்டில் இருந்தது.

ஒன்றே ஒன்று: அவர் சற்று இடப்பக்கம் சாய்கிறார்.
பழைய காந்தம் வலது.
இன்னொரு சோடி தேடலாம்,
ஹில்மியிடம் போய் இன்னொருதரம் சிரிப்பு வாங்கலாம்.
கதிரையை அரையடி வலப்பக்கம் இழுத்தேன்.

கீச்.

கீழே குழந்தை எழும்பிவிட்டது.