தெற்குச் சுவர்

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிச் சந்து தாண்டி
கோயிலின் தெற்குச் சுவரைச் சுரண்டினேன்.
ஏழு பூச்சுச் சுண்ணாம்பு. நடுவில் ஒரு நீலம்,
எந்தத் திருவிழாவுக்கு அடித்ததோ.
அதற்கும் கீழே ஓர் ஆணித்துளை,
துளையிலிருந்து விசிறியாய்க் கோடுகள்.
திருக்கை வால் இழுபட்ட மாதிரி.
"கிறுக்கல். பட்டி வச்சு மூடு"
என்றார் செபத்தியான் மேஸ்திரி.

டீ நேரத்தில்
ஒடிந்த பிரஷ் காம்பைத் துளையில் செருகினேன்.
நிழல் விழுந்தது.
கடிகாரம் போகும் பக்கம் அது போகவில்லை,
எதிர்ப்பக்கம் நகர்ந்தது,
கரையில் வலை இழுப்பவன்
பின்னாலேயே நடப்பதைப் போல.

மறுநாள்
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில்.
போய்ச் சேர ஒன்பதேகால்.
"கால் மணி லேட்டு. அரை நாள் கட்."

சுவரைக் காட்டினேன்.
செங்குத்துக் கோடு உச்சிப்பொழுது என்றால்
அங்கிருந்து மூன்று கோடு தள்ளி ஒன்பது.
நிழல் அதைத் தொட
இன்னும் ஒரு விரற்கடை இருந்தது.
போனில் ஓடுவது
வடக்கே எங்கோ மிர்சாபூர்ப் பக்கத்துப் பொழுது,
இது காசிமேட்டு வெயில், மாசி மாத வெயில்,
என்றெல்லாம் சொன்னேன்.

"சம்பளம் சுவரா தருது?"

துளையை மட்டும் மூடவில்லை.

அக்னி நட்சத்திரத்தில்
கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் திரும்பி வந்தோம்.
சூரியன் வடக்கே ஏறிவிட்டிருந்தது.
தார் உருகும் மாதத்தில்
அந்தச் சுவருக்கு மட்டும் வெயிலே இல்லை.
காம்பு நிழலற்று நீட்டிக்கொண்டிருக்க
அதன் கீழே, குளிர்ந்த சிமெண்டில்
வாய் திறந்து தூங்கினார் மேஸ்திரி.

திடுக்கென்று விழித்து
"மணி என்னடா?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.
"சுவர் இன்னும் சொல்லல."