ஏழரை பஸ்

தவரூபிக்கு லொத்தரில் எட்டு லட்சம் விழுந்த அன்று
நான் கணக்கு மெஷினை எடுத்து இருநூறால் பிரித்தேன்.
ஓவர்டைம் மணித்தியாலம் இருநூறு ரூபா.
நாலாயிரம் மணித்தியாலம்.
வேறெப்படியும் எனக்குக் காசைப் பார்க்கத் தெரியாது.
கிளிநொச்சிக் கார்மென்டில் பதினொரு வருடமாக
மற்றவர்களின் நேரத்தை எழுதுகிறவள் நான்.

இனி வரமாட்டாள் என்று ஏழாம் லைனில் பந்தயம் கட்டினார்கள்.
வந்தாள். அதே பச்சைத் தொப்பி,
அதே காற்சட்டைப் பொக்கற், மணிக்கு அறுபது.
ஐந்தடிக்க நூலை வெட்டி எழும்பினாள்.
சுப்பவைசர் ஓவர்டைம் தாளை நீட்டினார்.
"இண்டைக்கு ஏலாது சேர்."
அடுத்த நாளும் ஏலவில்லை.

காசு போன வழி தருமபுரம் முழுக்கத் தெரியும்.
கிழமைக்கடன் மூன்றுக்கும் ஆயிரத்து முந்நூற்றைம்பது மணித்தியாலம்;
செவ்வாய்க்கிழமைகளில் போனை நிறுத்திவைப்பது அதோடு முடிந்தது.
தம்பியின் ஓட்டோ லீசிங்குக்கு அறுநூறு.
வீட்டுத்திட்டக்காரர் பாதியில் விட்ட வீட்டுக்குக் கூரை,
அது ஒரு தொள்ளாயிரத்தைத் தின்றது.
புருசன் கமலகாந்தன், மேசன்,
நாரி நோவென்று முந்நூறைப் பாயில் கிடந்தே செலவழித்தார்.
யாரும் குறை சொல்லவில்லை.
அடுத்தவன் சுவர்களைத் தூக்கின நாரி அது.

மிச்சம் எண்ணூற்றைம்பது.
நாளுக்கு இரண்டரைப்படி
முந்நூற்று நாற்பது பின்னேரம்.
அவள் உண்மையில் வென்றது அவ்வளவுதான்.

"அஞ்சு மணி பஸ் பரந்தனிலை திரும்பேக்கை
வெளிச்சம் இருக்கக்கா" என்றாள்,
நான் போயே இராத ஊரைப் பற்றிச் சொல்வதுபோல.
முதல் மாதம் என்ன செய்வதென்று தெரியாமல்
வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டாளாம்.
பேந்துதான் கண்டதாம்,
மகன் கணக்குச் செய்யும்போது நாக்கை வெளியே நீட்டுவதை.
ஆறு வயது.
எவ்வளவு காலமாக நீட்டுகிறானோ.

நான் கொப்பியின் பின்பக்கத்தில் கழித்துக்கொண்டே வந்தேன்.
முந்நூறு. நூற்றெண்பது.
தைப்பொங்கலுக்குத் தொண்ணூற்றாறு.
பத்து.
ஒன்று.
மறுநாள் தாளை நானே கொண்டுபோய்
அவளுடைய மெஷினில் வைத்தேன். பேனையையும்.

சோக்குப் பிடித்த விரலால்
இரண்டையும் என் பக்கம் தள்ளினாள்.
"காசு முடிஞ்சுது அக்கா.
அஞ்சு மணி முடியேல்லை."

மாதம் பன்னீராயிரம் குறையும்,
கூரைக்குக் கீழே இன்னும் கதவு போடவில்லை,
மேசனுக்கு மழைக்காலத்தில் என்ன வேலை,
எல்லாம் என் வாய்வரை வந்தது.
அதற்குள் வாசல் காவலாளி அவளுடைய பையைத் திறந்து பார்த்து
மூடிக் கொடுத்தாயிற்று.

நான் தாளை நிரப்பினேன்.
ஏழாம் லைன், முப்பத்தொரு பேர், ஏழரை.
கடைசி வரியில் என் பெயர், ஏழரை.
இந்த நேரத்தைக் கண்டுபிடித்ததே சனியன்தான் என்று
தவரூபி முந்தி சிரிப்பாள்.

பஸ் வர இன்னும் நேரமிருந்தது.
கணக்கு மெஷினை எடுத்தேன்.
பதினொரு வருடம், வருடத்துக்கு முந்நூறு நாள்,
பெருக்கல் இரண்டரை.
சமன் குறியை அழுத்தவில்லை.