தள்ளுபடியான குளிர்காலம்

அந்த ஆண்டு பனி பன்னிரண்டு நாள் முந்திவிட்டது.
மண் தன் கோடையை வெளியே விட்டு முடிக்குமுன்
வாயைப் பொத்தியதுபோல
செப்டம்பர் கடைசியிலேயே முழங்கால் மட்டம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
கொதிகலன் அறைக்கும் வேலிக்கும் நடுவே
இருபது மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய குழாய் ஒன்று.
சனிக்கிழமைதோறும் மூடியைத் திருகி
கம்பி முனைகளைக் கருவியில் பொருத்தி
எண்களை எழுதுவது என் வேலை.
யாகூத்ஸ்கிலிருந்து மாதம் ஒருமுறை கூலி வரும்,
இரண்டு மூட்டை மாவுக்குக் காணும்.

மனம் இளகியவர் என்றால் நல்லவர் என்று பொருள்.
மண் இளகியது என்றால்
அக்குலினாவின் மேசையில் வைத்த உருளைக்கிழங்கு
தானாக அடுப்புப் பக்கம் உருள்கிறது என்று பொருள்.
அவள் வீட்டின் வடமூலை ஒரு சாண் இறங்கிவிட்டது.
கதவின் மேல்விளிம்பை இருமுறை சீவியாயிற்று.
நிலவறையில் உறைந்து கிடக்கும் குதிரை இறைச்சி
ஆகஸ்டில் முதல்முறையாகச் சொட்டியது.

ஆனாலும் நவம்பரில் அவள்
சுவரைச் சுற்றிப் பனியை அணைத்துக் கட்டினாள்,
ஜன்னல் மட்டம் வரை.
மண்வாரியோடு போய் நான் அதைச் சரித்தேன்.
"குளிரை இறங்க விடு, அக்குலினா.
உன் வீட்டைத் தாங்குவது அதுதான்."
"வீடு நிற்கும். உள்ளே நான் விறைத்துக் கிடப்பேன்.
அப்புறம் யாருக்கு அந்த வீடு?"
பால் ஊற்றித் தேநீர் கொடுத்தாள்.
நான் போனதும் மறுபடி கட்டினாள்,
முன்னைவிட ஒரு முழம் உயரமாக.

டிசம்பர், இரண்டாம் சனி.
பேனா மை உறைந்து, பென்சிலால் எழுதியது:
காற்றில் மைனஸ் நாற்பத்தொன்பது.
பனிக்கு அடியில், மண்ணின் மேல்தோலில், மைனஸ் எட்டு.
எட்டுதான்.
இடையில் இருப்பது எழுபது சென்டிமீட்டர் வெண்மை,
அதிலும் பாதிக்கு மேல் அடைபட்ட வெறுங்காற்று.
மேலே நாங்கள் பல் கிட்டி நிற்க
கீழே மண் குளிர்காய்கிறது,
குளிரிலேயே நெய்த கம்பளிக்குள்.

ஜனவரியில் புரொக்கோபியின் குதிரைகள்
வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்தன.
பதினேழு. குட்டைக் கால், கரடி மயிர்.
அவனோ கால் முறிந்து ஆஸ்பத்திரியில்.
அடியில் புல் மணத்திருக்க வேண்டும்,
முன்னங்காலால் தோண்டித் தோண்டி
முற்றத்தையே உழுதுபோட்டன.
தலைமையாசிரியர் உலக வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு விரட்டினார்.
பிள்ளைகள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி
குதிரைகளின் கட்சியில் கூச்சலிட்டார்கள்.
விரட்ட விரட்ட வந்தன, ஐந்து வாரம்.
எழுபது சென்டிமீட்டர் பதினைந்தாக மிதிபட்டுத்
தகடாய் இறுகியது.
அதன் வழியே வானத்துக் குளிர்
கிணற்றில் வாளி இறங்குவதுபோல்
அவசரமில்லாமல் இறங்கியது.

மார்ச். இரண்டு மீட்டரில் மைனஸ் ஏழு.
முந்தைய ஆண்டு இதே வாரம் மைனஸ் மூன்று.
கருவியைத் தட்டினேன்.
கம்பியைக் கழற்றி, துடைத்து, மாட்டினேன்.
ஏழு.
ஒன்பது ஆண்டாக ஏறியே வந்த எண்.
கையுறையைக் கழற்றி அடிக்கோடிட்டேன்,
விரல்நுனி வெந்துபோனது.

ஏப்ரலில் கடிதம்:
'கால்நடைகளால் தளம் கலைக்கப்பட்டுள்ளதால்
இப்பருவத்து அளவீடுகள் ஏற்கத்தக்கவை அல்ல.
வரிசையிலிருந்து நீக்கப்படுகின்றன.
வேலியை உயர்த்தவும்.'
கூடவே பலகைக்கும் ஆணிக்கும் பணம்.

வேலியை உயர்த்தினேன்.
வாங்கிய காசுக்கு வஞ்சகம் கூடாது.
ஒவ்வோர் ஆணியும் நேர்.
கதவுக்குக் கொக்கி வைக்க மட்டும்
மறந்துபோயிற்று.

இன்று செப்டம்பர் இருபத்தேழு. இந்த ஆண்டும் முந்திய பனி.
அக்குலினா வீட்டுப் பக்கம் வாரியின் சத்தம்.
ஊன்றுகோலோடு எதிரே வந்தான் புரொக்கோபி.
"குதிரைகள் எங்கே?" என்றேன்.
"ஏன், எதை உடைத்தன?"
"ஒன்றுமில்லை.
பள்ளி முற்றத்தில் புல் அறுக்காமல் கிடக்கிறது."