நாற்பது நாள் மீன்

கம்சீன் காற்று மூன்றாம் நாளாக
மல்லாவி நகரத்தைச் சல்லடையில் போட்டுச்
சலித்துக்கொண்டிருந்தது.
பள்ளிக்கூடம் பூட்டு.
ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி செருகிவிட்டு
இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மீனோடும்
சமையல் மேசை முன்னால் நான்.

புல்தி மீன். விலை சொன்னால் வயிறு எரியும்.
பொரிக்க இல்லை என்றதும்
"அப்போ யாருக்கு?" என்றான் அபனூப்.
ராஜாவுக்கு.
எந்த ராஜா?
இவர்தான். நேற்று ராத்திரி காலமானார்.

டெமியானா வயிற்றைக் கீறினாள்.
பரீட்சைத் தாளில்கூட
இவ்வளவு கவனம் வைத்தவளில்லை.
நான்கு ஜாடிக்கு எங்கே போவது?
குடல், ஈரல், இன்னும் பெயர் தெரியாதவை எல்லாம்
ஒரே ஜாம் பாட்டிலில்.
மூடியில் நரிமுகம் வரைந்தாள்;
அது கீழ்வீட்டு நாய் மாதிரி இருந்தது.
அதுவும் காவல் காக்கும்தானே என்றாள்.

மருந்துக்கடையில் எனக்கு வேலை,
அப்பச்சோடாவுக்குப் பஞ்சமில்லை.
கல்லுப்பும் சோடாவும் சரிக்குச் சரி கலந்து
வாயைப் பிளந்து உள்ளேயும் திணித்தோம்.
"ராஜாவுக்குத் தாகம் எடுக்குமே."
எடுக்கட்டும். உலர்ந்தால்தான் நிலைப்பார்.
சொன்ன பிறகு
அந்த வாக்கியம் எனக்கே பிடிக்கவில்லை.

இதயத்தை மட்டும் எடுக்கக் கூடாது,
அங்கே போனதும் எடை போடுவார்கள் என்றேன்.
உடனே தராசு வேண்டுமாம்.
சட்டை மாட்டும் கம்பி, நூல்,
கழுவின தயிர்க் கிண்ணம் இரண்டு.
ஒன்றில் மொட்டைமாடிக் கூண்டிலிருந்து
காற்றோடு போராடிக் கொண்டுவந்த புறா இறகு.
இன்னொன்றில் இதயம்: ரொட்டிமாவு, நெல்லிக்காய் அளவு.

தொப்பென்று இறங்கியது மாவு.

"நிஜத்தைச் சொன்னா குறையுமா?"
குறையலாம்.
ஒரு கிள்ளு: அக்காவின் அல்வாவைத் தின்றது இவன்தான்.
இன்னொரு கிள்ளு: கோயிலில்
பாதிரியார் செருப்பைத் தூணுக்குப் பின்னால் வைத்தது.
தராசு அசைவதாக இல்லை.
டெமியானா சிரித்துச் சிரித்து விக்கினாள்.

பிறகு அவன் கிண்ணத்தைப் பார்த்தபடியே
"அப்பா குவைத்துக்குப் போன அன்னிக்கு
நான் தூங்கல.
தூங்கற மாதிரி படுத்திருந்தேன்" என்றான்.

இதற்கு எவ்வளவு கிள்ளுவது?
விரலை நீட்டினேன், மடக்கிக்கொண்டேன்.
கதவருகே பெட்டியோடு நின்றவர்
எழுப்பாதே என்று எனக்குச் சைகை காட்டியது
இவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.
இருட்டில் தராசு எந்தப் பக்கம் சாய்ந்ததோ.

தொட்டிலில் விழித்துக்கொண்ட காராஸ்
"எம்பு" என்றான். "எம்பு, எம்பு."
எங்கள் ஊர்க் குழந்தைகள்
தண்ணீருக்குச் சொல்லும் சொல்.
வளர்ந்தால் மறந்துவிடுவோம்,
வேறு சொல் வந்துவிடும்.
அந்தப் பழைய ஆட்கள் விட்டுப்போன மிச்சம் அது என்பார்கள்.
மெழுகுவத்தி ஏற்றியதும்
டெமியானா நோட்டில் மூன்று நெளிகோடு இழுத்து
தம்பி மூக்கருகே காட்டினாள்,
"இதைத்தானே கேட்கிறே?"
அவன் காகிதத்தைப் பிடுங்கி வாயில் வைத்தான்.
டம்ளர் எடுத்துவர நான்தான் போகவேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள்
எதிர்வீட்டு உம் கிர்கிஸ் கதவைத் தட்டி
மூக்கை நீட்டி ஒருதரம் இழுத்தாள்.
"பண்டிகைக்கு இப்பவே ஃபிசீக் போட்டுட்டியா?
எனக்கும் ஒரு துண்டு எடுத்துவை."
பிள்ளைகள் இருவரும் ஓடிப்போய்
கட்டிலுக்கு முன்னால் கைகோத்து நின்றார்கள்.
ராஜாவை யாரும் தின்னக் கூடாது.

வெள்ளிக்கிழமை போனில் அவர் முகம்.
அபனூப் உப்புப்பெட்டியைத் திறந்து காட்டினான்.
நாற்பது நாள் என்றான், இன்னும் எத்தனை என்றான்,
தராசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
அது துணிக்கொடியில் தொங்குகிறது.
மாவு காய்ந்து கல்லாகிவிட்டது,
இறகைக் காணோம்.