வெந்நீர்க் கணக்கு

கொட்டேசன் ஆறு லட்சத்து எண்பத்தையாயிரம்.
மூன்று நாளாய்ச் சீனிப் பேணியின் கீழே கிடக்கிறது.
எறும்புகள் ஏறிப் பார்த்துவிட்டு
இறங்கிப் போய்விட்டன.

அஸ்மீர் கிண்ணியாப் பொடியன்.
"அக்கா, இந்த ஹீற் பம்ப் தண்ணியச் சுடவைக்கிறல்ல.
காத்தில கிடக்கிற சூட்ட அள்ளித்
தண்ணிக்குள்ள போடுறது.
ஒரு யூனிற் கரண்டுக்கு மூண்டு யூனிற் சூடு."
வைகாசி மத்தியானம்.
உப்புவெளியில் நிழலுக்கே வியர்த்தது.
இந்தச் சூட்டுக்கு ஆர் பில் போடுறது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை,
ரேப்பை இழுத்து மதிலை அளந்துகொண்டிருந்தான்.

எட்டு அறை. எட்டு ஹீற்றர்.
புறாமலையில் மீன் பார்த்துவிட்டு வருகிறவர்கள்
உப்புக் கழுவ, இந்த வெயிலிலும்
வெந்நீர்தான் கேட்கிறார்கள்.
ஆறாம் அறை ஜெர்மன்காரி குளிக்கும் இருபத்தைந்து நிமிடமும்
நான் மீற்றர்ப் பெட்டிக்கு முன்னால்
நேர்த்தி வைத்தவள் மாதிரி நிற்பேன்.
சித்திரை பில் தொண்ணூற்று நாலாயிரம்.

மானியம் மூன்றில் ஒன்று,
இரண்டு லட்சத்துக்கு மேல் போகாது.
முதலில் நாங்கள் கட்ட வேண்டும்,
பிறகு அவர்கள் தருவார்கள்.
'பிறகு' எப்போது என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.
நாலாம் பக்கம் காணி உறுதி கேட்கிறது.
உறுதி அண்ணனின் பெயரில்,
அண்ணன் ஸ்காபரோவில்.
அவன் வீட்டிலும் இதே மெசினாம்,
பனிக்குள்ளிருந்தே சூட்டை உறிஞ்சுமாம்.
வீடியோ அனுப்பியிருக்கிறான்.
கையெழுத்து அனுப்பவில்லை.

உத்தரவாதத் தாளின் பின்பக்கம், பொடி எழுத்தில்:
கடலுக்கு முந்நூறு மீற்றருக்குள் பூட்டினால்
கம்பனி பொறுப்பில்லை.
என் படலையிலிருந்து அலைக்கு
நடந்தால் நூற்றிப் பதினெட்டு அடி.
உப்புக்காத்து போன வருசம்
பித்தளைப் பூட்டையே தின்றது.
"எத்தினை வருசம் நிக்கும், தம்பி?"
அவன் மதிலைப் பார்த்தான்,
மதிலுக்கு அப்பால் கடலைப் பார்த்தான்.
"ஆறு" என்றான்.
பொய் சொல்லப் பழகாத பிள்ளை.

சீசனுக்கு இவ்வளவு, மாரிக்கு இவ்வளவென்று
கொப்பியில் கூட்டிப் பிரித்தேன்.
போட்ட காசு திரும்ப
ஐந்து வருசமும் நாலு மாதமும்.
மிஞ்சுவது எட்டு மாத லாபம்.
பாங்க் வட்டியை எழுதினேன்.
அந்த எட்டு மாதமும் அழிந்தது.

இவருடைய அந்தியேட்டிக்குக் கன்னியா போனோம்.
ஏழு கிணறு, ஏழு பதம்.
வாளி வாளியாய் அள்ளித் தலையில் ஊற்றினோம்.
அடியில் எது எரிகிறது,
ஆர் அதற்குக் கட்டுகிறார் என்று
அன்றைக்கு ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

சைக்கிளில் ஏறப் போனவன் திரும்பினான்.
"ஒண்டு சொல்ல மறந்துட்டன்.
சூட்ட எடுத்த காத்துப் பின்னால குளிராத்தான் வரும்.
அது சும்மா. மதிலுக்கு வெளிய விட்டிரலாம்."

சும்மா.

குசினிக்குத் தகரக் கூரை.
உள்ளே மங்களதேவி சூடை மீன் பொரிக்கிறாள்.
இரண்டு அடுப்பு. கழுத்தில் ஈரத்துவாய்.
பன்னிரண்டு மணிக்குப் பிறகு
கிணற்றுக் கட்டில் போய்
ஐந்து நிமிடம் தலையைக் குனிந்திருப்பாள்;
ஏன் என்று நான் கேட்டதில்லை.
கொப்பியில் அவளுக்குச் சம்பளம் என்று ஒரு கோடுண்டு,
வேறொன்றும் இல்லை.

"குழாயை இஞ்சால திருப்பினால்?"
"பதினோராயிரம் கூட வரும்.
மானியத்துக்க சேராது, அக்கா."

எழுதினேன்.
ஆறு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம்.
கணக்கு இப்போது முன்னையிலும் மோசம்.
சீனிப் பேணியை நகர்த்தித்
தாளில் ஒட்டியிருந்த சீனியைத் தட்டிவிட்டு
அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.
அங்கே இன்னும் விடிந்திருக்காது.
அடிக்கட்டும்.