விலை கேட்பவள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும்.
நூற்று அறுபத்திரண்டு வரி.
ஜெனீவாவில் யாரோ ஒருவர் எண்ணிட்டு அனுப்புவது.
டிபிலிசியில் இவையெல்லாம் என்ன விலை என்று
கேட்டு எழுதுவது என் பிழைப்பு.

தக்காளி, ஒரு கிலோ.
ஆலிவ் எண்ணெய், முதல் பிழிவு, ஒரு லிட்டர்.
கோட்டும் கால்சட்டையும் சலவைக்கு.
நகர மையத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு, சாமான்களோடு.

நான் எதையும் வாங்கமாட்டேன் என்பது
சந்தைக்கே தெரியும்.
“வா நெஸ்தான், இன்றைக்கும் வெறும் வாயா?” என்பாள் பாலாடைக்கட்டிக்காரி.
பட்டியல் கேட்பது டச்சுச் சீஸ்.
அவளிடம் இருப்பது சுலுகுனி.
சுலுகுனிக்குக் கட்டம் கிடையாது.
அடுப்புச் சுவரில் அறைந்து சுடுகிற தோணி ரொட்டிக்கும் கிடையாது,
சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றி
நான் தின்றுகொண்டே நடப்பது அதைத்தான் என்றாலும்.

எண்பத்தொன்பதாம் வரி:
வீட்டு வேலைக்கு ஆள், ஒரு மணி நேரம்.

இதற்கு மட்டும் சந்தைக்குப் போவதில்லை.
கீழே சியாலா இருக்கிறாள்.
பதினோரு வருடம் இத்தாலியில், பாரி நகரத்தில்,
இடுப்பெலும்பு முறிந்த ஒரு சீமாட்டியின்
சமையலறைக் கட்டிலில் படுத்தவள்.
அங்கே ஒரு காபி ஒரு யூரோ பத்து.
குடித்ததில்லை. விலை தெரியும்.

எங்கள் கட்டடத்தை இத்தாலிய முற்றம் என்பார்கள்,
சுற்றி மரப் பால்கனி, நடுவில் ஒரே குழாய்.
“இத்தாலியில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை” என்பாள்.

அவள் கணக்கில் காசு வராது. எல்லாம் மணி.
மகனின் பல், எண்பது மணி.
குளிர்காலத்து எரிவாயு, இருபத்தாறு.
அப்பாவின் அடக்கத்துக்கு வந்து போக விமானச் சீட்டு, நாற்பத்தைந்து.
அன்று அவள் கையில் பன்னிரண்டுதான் இருந்தது.

மூன்றாம் மாடிக்கு யோஸ்ட் வந்தான்.
மடிக்கணினி, மிதிவண்டி, தங்கமான குணம்.
படியில் பார்த்தால் பையை வாங்கிச் சுமப்பான்.
“உட்ரெக்ட்டில் நான் கொடுத்த வாடகையில்
இங்கே மூன்று பேர் வாழலாம்!”
சியாலாவுக்கு மொழிபெயர்த்தேன்.
“வாழ்ந்தார்களே” என்றாள்.
மக்வாலாவும் இரண்டு பெண்களும், அதே வீட்டில், போன வருடம் வரை.
இதை நான் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லை.
நல்வரவு சொல்கிறாள் என்றேன்.

அவனைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டுவாசி என்று பெயர்.
பாரியில் அந்தப் பெயரை
சியாலாவுக்கு யாரும் எடுத்துத் தரவில்லை.

போன காலாண்டில் ஒரு காரியம் செய்தேன்.
ஒற்றைப் படுக்கையறைக்கு நேரே
எழுநூறு லரி கூட்டிப் போட்டேன்.
சந்தேகம் வராதிருக்கத் தக்காளிக்கும் கொஞ்சம்.
விலை கூடிய ஊர் என்றானால்
வருகிறவர்கள் வேறு பக்கம் திரும்புவார்கள் அல்லவா.

எங்கள் நகரம் வரிசையில் ஒன்பது படி ஏறிற்று.
யோஸ்ட் உடனே கண்டுகொண்டான்.
டிரானா மலிவாம், கடல் வேறு இருக்கிறதாம்.
மிதிவண்டியைச் சியாலாவின் பேரனுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

நான் சந்தோஷப்பட்டது நான்கு நாள்.
ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் ஜெமால்
அந்த அட்டவணையை அச்செடுத்து
ஒவ்வொரு கதவிலும் ஒட்டினார்.
சிவப்பு மையில் வட்டம்: நகர மையம், ஒற்றைப் படுக்கையறை.
“நானா சொல்கிறேன்? ஜெனீவா சொல்கிறது.”
என் கதவிலும் ஒன்று.

இன்றைக்கு மறுபடி எண்பத்தொன்பதாம் வரி.
சியாலாவின் வாசலில், பென்சிலோடு,
செய்ததையெல்லாம் சொல்லி முடித்தேன்.
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள்.
திட்டுவாள் என்றிருந்தேன்.

“வீட்டுக்கு எழுநூறு.”
“ஆமாம்.”
“தக்காளிக்கு?”
“ஐம்பது தெத்ரி.”
“எனக்கு எவ்வளவு கூட்டினாய்?”

கூட்டவில்லை.
தோன்றவே இல்லை.