அரை பாயிண்ட்

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மெயின் ரோடு.
பொட்டலங்களுக்கு முகம் வரைவது என் வேலை.
தக்காளி வழவழவென்று சிரிக்க வேண்டும்,
மிளகாய் சற்றே துள்ள வேண்டும்,
பச்சை நட்சத்திரத்துக்குள்
'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்று
ஒரு சத்தியம் மின்ன வேண்டும்.
பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.
பின்பக்கமும் நான்தான்.

சுவை கூட்டிகள் 627, 631.
ஈஸ்ட் சாறு.
நீராற்பகுத்த காய்கறிப் புரதம்.
முன்கதவில் 'ஆள் இல்லை' என்று போர்டு மாட்டிவிட்டு
கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.
"இன்னும் அரை பாயிண்ட் குறைங்கம்மா,
சட்டத்துக்கு உட்பட்டுத்தான்"
என்பார் கம்பெனியிலிருந்து வரும் கோதண்டபாணி.
நல்ல மனிதர். வரும்போதெல்லாம்
அட்டைப்பெட்டி நிறைய வளையம் கொண்டுவருவார்.

நிறம் தப்பி அச்சான பொட்டலங்களும் எங்களுக்குத்தான்.
நாலு மணிக்கு மெஷின் நிற்கும்.
மை படிந்த கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு
எபநேசர் ஒன்றைப் பிரிப்பார்.
ஒன்றே ஒன்று என்று சொல்லித்தான் பிரிப்பது.
கடைசித் தூளுக்காக
அண்ணாந்து வாயில் தட்டும்போது
நாங்கள் ஏழு பேரும்
ஒரே மழைக்குக் காத்திருப்பவர்கள் போலிருப்போம்.

கொரட்டூர் சுகாதார நிலையத்தில்
நர்ஸ் பட்டையை இறுக்கிக் காற்றை விட்டார்.
நூற்றைம்பத்தாறு, தொண்ணூற்றெட்டு.
எனக்கு எண்கள் புதிதல்ல.
இவை பெரிய எழுத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

தலைவலி அந்தத் தூளால்தானா?
டாக்டர் மெகருன்னிசா உடனே தலையாட்டவில்லை.
"அடிச்சுச் சொல்ல முடியாதும்மா.
தக்காளியிலயும் இருக்கு, கருவாட்டுலயும் இருக்கு அந்தச் சத்து.
சிலருக்கு ஒத்துக்கலைங்கறாங்க,
சோதிச்சுப் பார்த்தா எப்பவும் பிடிபடறதில்ல.
நீங்க சோடியத்தைப் பாருங்க.
ஒரு பொட்டலத்துல எவ்ளோ?"

எனக்குத் தெரியும்.
நான்தான் டைப் அடித்தேன்.
வாயில் வரவில்லை.

வில்லன் ஒருவன் கிடைத்திருந்தால்
நன்றாக இருந்திருக்கும்.
631 என்று பெயர் சொல்லித் திட்டியபடி
ஷேர் ஆட்டோவில் வீடு வந்திருப்பேன்.
கிடைத்தது ஒரு சீட்டும்
பத்து நாள் மாத்திரையும்.

அடுத்த வாரம் புது ருசி, எலுமிச்சை மிளகு.
எல்லாரும் போனபின்
சோடியம் வரியை மட்டும் அரை பாயிண்ட் ஏற்றினேன்.
குண்டு வைக்கிறவளைப் போலக் கை நடுங்கியது.
கோதண்டபாணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து
'ஓகே' என்று கையெழுத்துப் போட்டார்.
மூன்று லட்சம் பொட்டலம்.

பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில்
அதில் ஒன்றைப் பார்த்தேன்.
யூனிஃபார்ம் சட்டை வெளியே தொங்க ஒரு பையன்
பல்லால் கிழித்தான்.
சரியாக அந்த வரியின் மேல் அவன் கட்டைவிரல்.
ஒவ்வொரு விரலாகச் சூப்பி முடித்து
தண்டவாளத்தில் விட்டான்.
பின்பக்கம் வானம் பார்த்து விழுந்தது.
யாராவது படிக்கலாம்,
குனிந்தால்.
ஆவடி லோக்கல் வந்து மூடியது.

இரவு ரசம் வைத்தேன்.
பூண்டு தட்டி, பெருங்காயம் கரைத்து,
எல்லாம் வழக்கம்போலத்தான்.
தயாளன் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.
எனக்குச் சப்பென்றிருந்தது.
சப்பென்று என்றால்,
சாமான் எல்லாம் ஏற்றிப் போன வாடகை வீட்டில்
விளக்கைப் போட்டுப் பார்க்கிற மாதிரி.
புளி இருக்கிறது, மிளகு இருக்கிறது,
என் நாக்குக்கு மட்டும்
பொடி எழுத்தில் இருக்கிறது.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் அவர்,
உப்பு ஜாடியைப் பார்த்து.
சரியாகத்தான் இருக்கிறது.
மாத்திரை போட்டாச்சா என்றும் கேட்டார்.
போட்டாச்சு.
ஜாடியின் மூடி
இன்னும் என் கையில்.